எழுதாமல் விட்ட பக்கம்

"ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்பது நம் ஊர்ப் பழமொழி. தலைநகரில் குடியேறிவிட்ட எங்களுக்கு அது வாயளவில் நிற்பதே. செப்டம்பர் இறுதியில் தென்மேற்குப் பருவமழை தில்லியை விட்டு விடைபெற்றால், அதன்பின் வானம் பெரும்பாலும் வறண்டே கிடக்கும். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்றும், மார்கழியும் தையும் முன்பனி என்றும் நம் முன்னோர் வகுத்தனர். அப்பெயர்கள் இங்கும் செல்லும், பொருள்தான் மாறிவிடுகிறது. ஊரில் கூதிர் என்றால் ஈரம். இங்கே கூதிர் என்றால் புழுதி, புகை, அவற்றினூடே ஏழிலைப்பாலை மரங்கள் பூத்து இரவெல்லாம் வீசும் கனத்த மணம்.

2024-ஆம் ஆண்டின் கூதிரும் முன்பனியின் தொடக்கமும் எங்கள் இல்லத்தில் எவ்வாறு கழிந்தன என்பதை இங்கே எழுதப் புகுகின்றோம். பெரிய நிகழ்ச்சி ஒன்றும் இல்லை. இரண்டு முதியவர்கள், சில பூந்தொட்டிகள், ஒரு குறிப்பேடு, கீழ்த்தளத்து மாமி ஒருவர், இவ்வளவுதான் கதை. ஆயினும் இதில் நாங்கள் செய்த பிழை ஒன்று உண்டு. அதே பிழையை வேறு இல்லங்களிலும் செய்துகொண்டிருக்கக் கூடும் என்று தோன்றியதால், சொல்லிவிடுவதே நலம் என்று துணிந்தோம்.

எங்களில் ஒருவர் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் பள்ளியில் பூகோளம் கற்பித்தவர். எதையும் தேதியிட்டு எழுதிவைக்கும் பழக்கம் இருவரையும் விட்டபாடில்லை. 2003 முதல் ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றோம். பவழமல்லி முதன்முதலில் உதிர்ந்த நாள், கம்பளி வெளியே எடுத்த நாள், யமுனையில் கடற்காகங்கள் வந்திறங்கிய நாள் ஆகியவை ஆண்டுதோறும் அதில் ஏறும். கடற்காகம் என்றதும் கடலற்ற தில்லியில் ஏது என்று கேட்க வேண்டா. கருந்தலைக் கடற்காகங்களும் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் வடக்கேயுள்ள குளிர்நாடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருகின்றன. யமுனைத் துறைகளில் படகோட்டிகள் "ஆவோ, ஆவோ" என்று கூவி ஓமப்பொடியை வீச, அவை வெண்மேகம்போல் எழுந்து சுழலும். அக்காட்சிக்காகவே ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் கடைசி வாரத்தில் விடியற்காலையில் இருவரும் துறைக்குப் புறப்படுவோம்.

மற்றொரு பொழுதுபோக்கு சாமந்தி வளர்த்தல். இவ்வூரார் இதைக் குல்தாவுதி என்பர். ஆடியில் தண்டு நறுக்கி நட்டு, வேர் பிடித்தபின் நுனி கிள்ளி, பின்னர் ஒரு தண்டுக்கு ஒரு மொட்டு மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கிவிட்டால், டிசம்பரில் ஒவ்வொரு பூவும் உள்ளங்கையை நிறைக்கும். இச்செடிக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. பகல் குறுகி இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். இரவில் ஒளி பட்டால் பூப்பதைத் தள்ளிப்போடும். அவ்வாண்டு எங்கள் மாடத்தின் எதிரே தெருவில் புதிதாக ஒரு வெண்ணிற மின்விளக்கு நட்டுவிட்டார்கள். ஆகவே, நவராத்திரி முடிந்த கையோடு, மாலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு தொட்டிகளுக்கும் கறுப்புத் துணி போர்த்துவதும் காலை ஏழு மணிக்கு எடுப்பதும் எங்கள் நித்திய கடமையாயிற்று. குழந்தைகளை உறங்கவைப்பது போன்ற வேலை. ஒரு நாளும் தவறவில்லை.

இனி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1966-இல் திருமணமாகி, இருபத்து நான்கு வயதில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் தில்லிக்கு வந்தவர். நீண்ட காலம் அரசுக் குடியிருப்பில் இருந்துவிட்டு, 1993-இல் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குக் குடிவந்தார். நாங்கள் வந்தது 1998-இல். அவர் கணவர் 2011-இல் காலமானார். ஒரே மகள் அமெரிக்காவில். தனியே இருந்தாலும், நவராத்திரி வந்தால் மாமியின் இல்லம் திருவிழாக் கோலம் பூண்டுவிடும். ஏழு படி, ஐம்பத்து நான்கு பொம்மைகள். மரப்பாச்சி, தசாவதாரம், தஞ்சாவூர்த் தலையாட்டி, பண்ருட்டியில் வாங்கிய செட்டியார் தம்பதி, இன்னும் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தவை. எங்கள் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் அனைத்தும் ஒன்பது நாளும் அங்கே கூடும். பாட்டு உண்டு, சுண்டல் உண்டு. விஜயதசமியோடு எல்லாரும் கலைந்துவிடுவோம். அடுத்த புரட்டாசி வரையில் மாமியை மாடிப்படியில் கண்டால் நலம் விசாரிப்பதோடு சரி.

அவ்வாண்டு விஜயதசமி அக்டோபர் 12. இரவு ஆரத்தி எடுத்து, வழக்கம்போல் ஒரு பொம்மையைப் படுக்கவைத்தபின், மாமி எங்களை நிறுத்திக்கொண்டார்.

"இந்தத் தடவை பொம்மைகளை மூட்டை கட்டும்போது இரண்டு பேருமாக வாருங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். பட்சி வந்ததை எல்லாம் எழுதுகிறீர்களே, இதுகள் வந்த கதையையும் எழுதி வைத்துவிடுங்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொல்கிறேன். ஒரு சாயங்காலம் போதும்" என்றார்.

"கட்டாயம் வருகின்றோம், மாமி. இந்த வாரமே வருகின்றோம்" என்றோம்.

அந்த வாரம் போகவில்லை. மாலை நேரம்தான் மாமிக்கு ஒழிவு. மாலை நேரம்தான் தொட்டிகளுக்குத் துணி போர்த்தும் வேளை. ஒருவர் போய் மற்றவர் இருந்தால் என்ன என்று இன்று கேட்கத் தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. அடுத்த வாரம் உறவினர் வருகை. அதற்கடுத்து அக்டோபர் 27 அன்று கடற்காகங்கள் வந்துவிட்டன, ஏட்டில் எழுதினோம். அக்டோபர் 31 அன்று தீபாவளி. மாமி எங்களுக்காகக் காத்திருந்து காத்திருந்து, வேலைக்கு வரும் பெண்ணின் துணையோடு தாமே பொம்மைகளைப் பழைய வேட்டிகளில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கிவிட்டார் என்று பின்னர் அறிந்தோம். தீபாவளியன்று பட்சணம் கொடுக்கப் போனபோது அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. "பெட்டி மேலே ஏற்றவில்லை. கட்டிலடியில்தான் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம்" என்றார். "கார்த்திகைக்குள் முடித்துவிடுவோம்" என்றோம்.

அதன்பின் புகை இறங்கியது. தில்லியில் வாழ்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பிற நகரங்களில் உள்ள நேயர்களுக்காகச் சொல்கின்றோம். குளிர் தொடங்கியதும் காற்று ஓய்ந்து, கனத்துத் தரையோடு படிந்துவிடுகிறது. ஊர்திகளின் புகை, கட்டட வேலையின் தூசி, பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் அறுத்த தாளைக் கொளுத்தும் புகை ஆகிய எல்லாம் மேலெழ வழியின்றி நகரின்மீது மூடிபோல் கவிகின்றன. நவம்பர் 18 அன்று காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. 400-ஐக் கடந்தாலே கடுமை என்று வகுக்கப்பட்ட அளவுகோலின் எல்லை 500. பள்ளிகள் பெரும்பாலும் இல்லத்திலிருந்தே பாடம் நடத்தலாயின. எதிர்க் கட்டடமே தெரியவில்லை. எங்களைப் போன்ற முதியோர் கதவைத் தாழிட்டு உள்ளே இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கூறினர். இருந்தோம். மாமியும் கீழே இருந்தார். அவருக்கும் எங்களுக்கும் இடையே இருந்தவை பதினெட்டுப் படிகளே. அப்படிகளில் இறங்கத்தான் செய்தோம், பால் வாங்குவதற்கு.

நவம்பர் 20 அன்று விடியற்காலையில் மாமி உறக்கத்திலேயே இறைவனடி சேர்ந்தார். வயது எண்பத்திரண்டு. இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். வழக்கம்போல் தேநீர் கொண்டு வந்து கதவைத் தட்டியவர் எங்கள் தளத்துக்கு எதிர் வீட்டில் வாழும் பஞ்சாபி அம்மையார். அவர்தான் முதலில் அறிந்தார்.

மகள் மறுநாள் இரவு வந்து சேர்ந்தார். அதற்கு மறுநாள் காலை நிகம்போத் துறையில் ஈமக்கடன் நிறைவேறியது. ஆற்றின்மீது புகை தாழ்ந்து கிடந்தது. அதனூடே கடற்காகங்கள் நூற்றுக்கணக்கில் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. இருபத்தோர் ஆண்டுகளாக நாங்கள் எதிர்பார்த்துச் சென்று, கண்டு, மகிழ்ந்து, எண்ணிக்கை குறித்த அதே பறவைகள். அன்று அவற்றைப் பார்க்க எங்களுக்கு வெட்கமாக இருந்தது. இல்லம் திரும்பியபின் ஏட்டைத் திறந்தோம். 2024 அக்டோபர் 27-க்குப் பின் பக்கம் வெறுமையாக இருந்தது. பறவைகளுக்கு எழுதிய கை மனிதருக்கு எழுதவில்லையே என்ற எண்ணம் அன்றிரவு எங்களை உறங்கவிடவில்லை.

மகளால் பத்து நாளுக்கு மேல் தங்க இயலவில்லை. பெட்டிகளை விமானத்தில் ஏற்றவும் வழியில்லை. "அம்மா உங்களிடம்தான் கொடுக்கச் சொல்லியிருப்பாள், மாமா. நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, மூன்று தகரப் பெட்டிகளையும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புறப்பட்டார். மூன்று நாள் அவற்றைத் திறக்க மனம் வரவில்லை. நான்காம் நாள் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, மேசைமேல் வரிசையாக நிறுத்தினோம். எந்தப் பொம்மை எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று எங்களுக்கு உறுதியாகத் தெரிந்தவை எத்தனை என்று எண்ணினோம். ஐம்பத்து நான்கில் ஒன்பது. இருபத்தாறு நவராத்திரிகள் அந்தப் படிகளின் முன் அமர்ந்து சுண்டல் உண்டவர்களுக்கு எஞ்சியது அவ்வளவே.

டிசம்பர் 13 அன்று திருக்கார்த்திகை. காற்று சற்றுத் தெளிந்து வெயில் முகம் காட்டியது. தில்லியில் அத்தகைய நாளில் பெண்கள் பகலெல்லாம் திறந்தவெளியில் பாய் விரித்து வெயில் காய்வார்கள், பட்டாணி உரிப்பார்கள், கம்பளி பின்னுவார்கள். மாலையில் ஏற்றவேண்டிய அகல்களைக் கழுவி வெயிலில் வைத்திருந்தோம். பஞ்சாபி அம்மையார் அவ்வழியே வந்தவர், எங்கள் மேசைமேல் இருந்த பொம்மைகளைத் திறந்த கதவு வழியே கண்டு உள்ளே வந்தார். மரப்பாச்சியைக் கையில் எடுத்தார்.

"மாமிஜியின் மருந்துக்காரர்" என்றார் இந்தியில்.

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் ஆண் பொம்மையைத் திருப்பி அடிப்பாகத்தைக் காட்டினார். ஒரு பாதம் தேய்ந்து குட்டையாக இருந்தது. மாமி சிறுமியாக இருந்தபோது வீட்டில் யாருக்கு வீக்கம் கண்டாலும், செம்மரத்தாலான அந்தப் பாதத்தைக் கல்லில் இழைத்துப் பற்றுப் போடுவாராம் அவர் பாட்டி. தலைமுறை தலைமுறையாக இழைத்ததில் பாதம் தேய்ந்துவிட்டதாம். இந்தக் கதை, தமிழில் எங்களுக்குக் கிட்டாமல், இந்தியில் அவ்வம்மையாரிடம் இருந்தது.

நாங்கள் அவரை அமரச் செய்தோம். ஏட்டை எடுத்தோம். அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். மாமியின் இந்தி எத்தகையது என்பது எங்களுக்குத் தெரியும். ஆண்பால் பெண்பால் அனைத்தும் அதில் தலைகீழாக நிற்கும். அந்த இந்தியிலேயே, முப்பது குளிர்காலங்களில், பட்டாணி உரித்தபடி மாமி ஒவ்வொரு பொம்மையின் வரலாற்றையும் அவருக்குச் சொல்லியிருக்கின்றார். அவருடைய பெற்றோர் 1947-இல் லாகூரிலிருந்து கையில் ஒன்றுமின்றி வந்தவர்கள். "எங்கள் வீட்டில் பழைய பொருள் என்று ஒரு கரண்டிகூட இல்லை. அதனால் மாமிஜியின் பொருள்களைப் பற்றிக் கேட்பதில் எனக்கு ஆசை" என்றார்.

அலகு இல்லாத கிளி 1966-இல் இரயிலில் வரும்போது நாகபுரியில் பெட்டி கவிழ்ந்து உடைந்ததாம். புது மணப்பெண் அழுததைக் கண்டு, கணவர் தம் பேனாவின் உடைந்த மூடியை ஒட்டி அலகாக்கினாராம். அதுவும் பின்னர் விழுந்துவிட்டது. சாயம் போன மரக்குதிரை ஒன்று உண்டு. அது எந்தக் கொலுக் கடையிலும் வாங்கியதன்று. 1984 நவம்பர் முதல் நாட்களில் இந்நகரில் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டபோது, பக்கத்துக் குடியிருப்பின் சீக்கியத் தாயும் இரு சிறுவர்களும் மூன்று இரவு மாமியின் சமையலறையில் ஒளிந்திருந்தார்கள். கலகம் அடங்கிப் புறப்படும்போது இளைய சிறுவன் தன் கையில் பற்றியிருந்த குதிரையை மாமியிடம் கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த ஆண்டு முதல் அது ஐந்தாம் படியில் நின்றது. நாங்கள் அதைக் கண்டிருக்கின்றோம். குழந்தைகள் விளையாட்டுக்கு வைத்தது என்றே எண்ணியிருந்தோம்.

கடைசியாக அவர் சொன்னதை எழுதுவது எளிதன்று. மூன்றாம் படியின் வலக்கோடியில் மாமி எப்போதும் ஒரு பொம்மைக்கு இடம் விட்டிருப்பார். அடுக்கில் ஏதோ குறை என்று எங்களுக்குத் தோன்றும். 2019-இல் கொலுவுக்குச் சென்றபோது, காஞ்சிபுரத்திலிருந்து வாங்கி வந்த அழகிய பிள்ளையாரை நாங்களே அவ்விடத்தில் வைத்து, "இப்போதுதான் படி நிறைந்தது, மாமி" என்றோம். அவர் சிரித்தார். மறுநாள் பிள்ளையார் முதற்படிக்கு ஏறியிருந்தார். கௌரவமான இடம் கொடுத்தார் என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

மாமிக்கு மகளுக்கு முன் ஓர் ஆண் குழந்தை இருந்ததாம். மூன்று வயதில் கொலுப் படியில் ஏறி, மூன்றாம் படியின் கோடியில் இருந்த தவழும் கண்ணனை எடுத்து விளையாடி உடைத்துவிட்டான். மாமி கோபித்து முதுகில் ஓர் அடி வைத்தார். அந்தக் குளிர்காலத்தில், 1972-இல், காய்ச்சலில் அக்குழந்தை போய்விட்டது. அதற்குப்பின் அவ்விடத்தில் வேறு பொம்மை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஐம்பத்திரண்டு ஆண்டு அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. அதை நிரப்பிவிட்டோம் என்று பெருமைப்பட்டவர்கள் நாங்கள்.

அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்களும் சிறிது நேரம் எழுதவில்லை. பின்னர் மாலை வந்தது. மூவருமாக அகல்களை ஏற்றினோம். மாமியின் வாயிற்படியிலும் இரண்டு வைத்தோம்.

டிசம்பர் 16 அன்று மார்கழி பிறந்தது. அன்று முதல் ஒவ்வொரு நாளும் அம்மையார் வெயிலுக்கு வந்து அமர்ந்து, நினைவுக்கு வந்ததைச் சொன்னார். எங்கள் ஒன்பதைத் தவிர இருபத்தொன்றின் கதை அவரிடம் கிடைத்தது. அமெரிக்காவில் உள்ள மகளிடம் தொலைபேசியில் கேட்டு ஏழு எழுதினோம். தவழும் கண்ணனைப் பற்றி அவரும் அறிந்திருக்கவில்லை. தமக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்று மட்டுமே தெரியும். அந்த வெற்றிடம் அவனுடையது என்று தெரியாது. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை வாசியுங்கள், மாமா" என்றார். வாசித்தோம். ஆக, முப்பத்தேழு பொம்மைகளின் வரலாறு ஏறிவிட்டது. மீதமுள்ள பதினேழுக்கும் தனித்தனியே பக்கம் ஒதுக்கி, எண் மட்டும் இட்டு வைத்திருக்கின்றோம். அவை நிரம்பப் போவதில்லை. ஆயினும் நிரம்பாத பக்கங்களை மறைக்காமல் வைப்பதும் ஒரு கணக்குத்தானே என்று கணக்குத் துறையில் இருந்தவர் கூறிவிட்டார்.

சாமந்திகள் என்னவாயின என்று கேட்கலாம். பன்னிரண்டில் பதினொன்று பூத்தன. மிகப் பெரியவையாகவே பூத்தன. நவம்பர் 20-ஆம் நாள் முதல் துணி போர்த்த மறந்துவிட்டோம். ஆனால் அதற்குள் மொட்டு வைத்துவிட்டிருந்தமையால் விளக்கு அவற்றை ஒன்றும் செய்யவில்லை. ஐந்து நாள் முன்னதாகவே அவற்றை மறந்திருக்கலாம் என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் காவல் அத்தனை தேவையாய் இருக்கவில்லை. தேவையாய் இருந்த இடம் வேறு.

டிசம்பர் 27 அன்று மழை வந்தது. மறுநாள் காலைவரை பெய்த அளவு 41 மில்லிமீட்டர். டிசம்பரில் ஒரே நாளில் இவ்வளவு மழை கொட்டி 101 ஆண்டு ஆயிற்று என்று அறிவித்தார்கள். ஊரின் கார்த்திகை மழை, வழி தவறி மார்கழியில் வந்தது போல் இருந்தது. புகை கழுவிச் சென்றது. பூத்த சாமந்தித் தொட்டிகளை உள்ளே எடுத்துவைத்தோம். அவற்றில் ஒன்று இப்போது அம்மையாரின் வாயிலில் இருக்கின்றது.

அடுத்த நவராத்திரிக்கு மாமியின் பொம்மைகளை எங்கள் இல்லத்தில் அடுக்குவதாக முடிவு செய்தோம். ஏழு படிக்கு இடமில்லை. ஐந்து படி போதும். மூன்றாம் படியின் வலக்கோடியில் ஒன்றும் வைக்கமாட்டோம். யாரேனும் கேட்டால் சொல்வோம். கேட்காவிட்டாலும் சொல்வோம்.

நேயர்களே, ஊரை விட்டு வந்த நம் ஒவ்வோர் இல்லத்திலும் இத்தகைய பெட்டி ஒன்று கட்டிலடியில் இருக்கும். பொம்மையாக இல்லாவிட்டால் ஒரு வெண்கலப் பானை, ஓர் ஊஞ்சல் சங்கிலி, ஒரு பழைய புகைப்படம். அதன் கதை தெரிந்தவர் இன்று உங்கள் இல்லத்திலோ பக்கத்து இல்லத்திலோ உட்கார்ந்திருக்கின்றார். அவரிடம் "இந்த வாரம் வருகின்றோம்" என்று சொல்லியிருந்தால், இவ்விதழை மூடிவைத்துவிட்டு இன்று மாலையே போய்வாருங்கள். ஓர் ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்துச் செல்லுங்கள். மாமி சொன்னதுபோல், ஒரு மாலைப்பொழுது போதும்.